மரபணுவின் தலைவாயில்

சென்ற ஆண்டின் இறுதியில், உயிர்நூல் வகுப்பொன்றில், முதலாண்டு மாணவர் ஒருவர் எழுந்து ஒரு வினா விடுத்தார். "ஐயா, ஈரலிலுள்ள உயிரணுவும் கண்ணிலுள்ள உயிரணுவும் ஒரே கருமுட்டையினின்று பிரிந்து வந்தவை, இரண்டனுள்ளும் இருப்பது ஒரே சுவடி என்கிறீர்கள். அங்ஙனமாயின் கண்ணில் ஏன் பித்தநீர் ஊறுவதில்லை?" வகுப்பு நகைத்தது. வினாவோ நகைத்தற்குரியதன்று. யாம் விடை கூறத் தொடங்கிய அளவிலே மணியடித்துவிட்டது. தொடங்கிய விடையும், உள்ளதைச் சொன்னால், அத்துணைத் தெளிவாக அமையவில்லை. அன்று குறையாய் நின்றதை ஈண்டு நிறைவு செய்ய முயல்கின்றோம்.

மனித உடலின் உயிரணு ஒவ்வொன்றன் உட்கருவிலும் டி.என்.ஏ. என்னும் நீண்ட இழை சுருண்டு கிடக்கின்றது. அதில் வழங்கும் எழுத்துகள் ஏ, டி, ஜி, ஸி என நான்கே. தாய்வழி வந்த தொகுதியில் ஏறக்குறைய 300 கோடி எழுத்துகளும், தந்தைவழி வந்ததில் ஏறக்குறைய அத்துணையும் உள. இப்பெருந்திரளினிடையே புரதங்களை ஆக்குதற்குரிய வாசகங்களாகிய மரபணுக்கள் 20,000 என்னும் அளவில் ஆங்காங்கு அமைந்துள்ளன. முதிர்ந்த செங்குருதியணுக்கள் தம் உட்கருவையே இழந்துவிடுகின்றன. நோயை எதிர்க்கும் வெள்ளணுக்களிற் சில தம் எழுத்துகளிற் சிறு பகுதியை வெட்டி மாற்றி அடுக்கிக்கொள்கின்றன. இவை போன்ற விலக்குகள் சில ஒழிய, உடலெங்கும் உள்ள சுவடி ஒன்றே.

இது வெறும் ஊகமன்று. 1962-ஆம் ஆண்டில் ஆக்ஸ்போர்டு நகரில் ஜான் கர்டன் என்பார், தலைப்பிரட்டையின் குடலணுவினின்று உட்கருவை எடுத்து, தன் கரு அழிக்கப்பட்ட தவளை முட்டையினுட் செலுத்தி வளர்த்தார். அவற்றுட் பெரும்பாலன கெட்டொழிந்தன. மிகச் சிலவே நீந்தும் தலைப்பிரட்டைகளாயின. ஆயினும் அம்மிகச் சிலவே சான்றுக்குப் போதுமானவை. குடலணுவாகித் தன் தொழிலில் அமர்ந்துவிட்ட பின்னரும், அதன் உட்கருவிற் கண்ணை ஆக்கும் வாசகமும் வாலை ஆக்கும் வாசகமும் அழியாமலே இருந்தன என்பது வெளிப்பட்டது. ஐம்பது ஆண்டு கழித்து, 2012-இல், கர்டனுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

ஆகவே வேறுபாடு சுவடியில் இல்லை. அதனைப் படிப்பதில் உள்ளது. மரபணு தானே நேராகத் தொழில் செய்வதன்று. முதலில் அதன் எழுத்துகள் ஆர்.என்.ஏ. என்னும் படியாக எடுக்கப்படல் வேண்டும். அப்படியைக் கொண்டே புரதம் கோக்கப்படும். குருதியில் மிகுந்துள்ள ஆல்புமின் என்னும் புரதத்தின் மரபணு ஈரலணுவில் இடையறாது படியெடுக்கப்படுகின்றது. கண்ணின் அணுவிலும் அதே மரபணு ஓரெழுத்தும் குறையாமல் இருக்கின்றது. அங்கே அதனைப் படியெடுப்பார் இல்லை. பித்த அமிலங்களை ஆக்கத் தொடங்கும் நொதியின் நிலையும் இதுவே.

இனி, படியெடுக்கும் பணியைச் செய்வது ஆர்.என்.ஏ. பாலிமரேஸ் என்னும் பெரிய நொதியாகும். எண்ணிறந்த எழுத்துகளினிடையே எவ்விடத்தில் அமர்வது, எத்திசை நோக்கிப் படிப்பது என்பவற்றை அந்நொதி தானே அறியாது. ஒவ்வொரு மரபணுவும் படியெடுக்கப்படத் தொடங்கும் இடத்தை ஒட்டி, பெரும்பாலும் அதற்குச் சற்று முன்னே, சில நூறு எழுத்துகள் கொண்ட ஒரு பகுதி உண்டு. அங்கே வேறு சில புரதங்கள் வந்து பொருந்தி, நொதியை வருவித்து அமர்த்துகின்றன. இப்பகுதியே புரோமோட்டர் எனப்படுவது. பாரிஸ் நகரில் ஈ.கோலை என்னும் குடல் நுண்ணுயிரை ஆராய்ந்த ஜேக்கப், உல்மன், மோனோ என்போர் 1964-இல் இட்ட பெயர் அது. தமிழில் இதனைப் பலரும் பலவாறு பெயர்த்து வழங்குவர். யாம் இக்கட்டுரையில் 'தலைவாயில்' என்று சொல்லிச் செல்வோம். வாசகர் இதனினும் நல்லதொரு சொல் கண்டு தெரிவிப்பின் ஏற்றுக்கொள்ளச் சித்தமாயிருக்கின்றோம்.

தலைவாயிலின் எழுத்துகள் புரதத்தின் வாசகத்திற் சேர்வன அல்ல. வீட்டினுள் வாழ்வார் யாவர் என்பதை வாயில் கூறாது. எப்பொழுது, யாருக்குத் திறப்பது என்பதே அதன் தொழில். சில தலைவாயில்களில், படியெடுப்புத் தொடங்கும் இடத்திற்கு 25 முதல் 30 எழுத்துகள் முன்னே 'டி ஏ டி ஏ' என்னும் தொடர் காணப்படும். பழைய பாடநூல்களைப் படித்தவர் இஃது எல்லா மரபணுக்களுக்கும் பொது என்று எண்ணியிருத்தல் கூடும். யாமும் அங்ஙனமே பயின்றோம். உண்மையில் மனித மரபணுக்களில் இத்தொடருடையவை சிறுபான்மையே. பத்தில் ஏழளவான தலைவாயில்களில், ஸியும் ஜியும் அடுத்தடுத்து நெருங்கிய திட்டுகளே உள்ளன. எல்லா அணுக்களுக்கும் அன்றாடம் வேண்டிய மரபணுக்கள் பெரும்பாலும் இத்திட்டுடையன. அவற்றின் வாயில் எங்கும் திறந்தே கிடக்கும்.

ஒரு வகை அணுவில் மட்டும் திறக்கும் வாயில்களின் இயல்பு வேறு. அவற்றில் ஆறு முதற் பன்னிரண்டு எழுத்தளவான குறுந்தொடர்கள் பல பதிந்திருக்கும். ஒவ்வொரு குறுந்தொடரையும் இனங்கண்டு பற்றுதற்கென்றே புரதங்கள் உண்டு. மனிதரிடத்து இத்தகைய புரதங்கள் ஏறக்குறைய 1,600 வகையாம். இவற்றைக் காரணிகள் என்போம். ஓரணுவில் இக்காரணிகளுட் சிலவே இருக்கும். ஈரலணுவில் ஒரு கூட்டம், நரம்பணுவில் பிறிதொரு கூட்டம். பூட்டு எல்லா அணுக்களிலும் ஒன்றே. சாவிக்கொத்துத்தான் அணுவுக்கு அணு வேறுபடுகின்றது. பெரும்பாலான வாயில்களுக்கு ஒரு சாவி போதாது, நான்கைந்து ஒருங்கே பொருந்த வேண்டும் என்பதையும் நினைவிற் கொள்க. அன்றியும் டி.என்.ஏ. இழை, ஹிஸ்டோன் என்னும் புரத உருளைகளின்மேல் 147 எழுத்துகள் வீதம் சுற்றப்பட்டிருக்கின்றது. ஒரு வாயில் அச்சுற்றினுள் அடங்கிவிட்டால் சாவியிருந்தும் அதனை நாடுதல் அரிதாகும்.

காரணிகளும் புரதங்களே, அவையும் மரபணுக்களால் ஆவனவே. அவற்றின் வாயிலைத் திறந்தது யாது என்று கூரிய மாணவர் வினவுவர். மற்றொரு காரணி என்பதே விடை. அதனைத் திறந்தது யாது? இவ்வாறு பின்னோக்கிப் போனால், கருமுட்டையினுள் தாய் வைத்தனுப்பிய புரதங்களிலும் படிகளிலும் போய் நிற்போம். ஒவ்வோர் உயிரணுவும் தன் மூதாதையரின் வரலாற்றைச் சாவிக்கொத்தாகச் சுமந்து திரிகின்றது எனலாம். அக்கொத்தில் ஒரு சாவியை வலிந்து சேர்த்தால் என்னாகும்? 1987-இல் அமெரிக்காவில் ஹரால்டு வைன்ட்ராப் என்பாரின் ஆய்வுக்கூடத்தார், எலியின் நாரணுக்களில் மயோ-டி என்னும் ஒரே காரணியைப் புகுத்தினர். நாரணுக்கள் தசையணுக்களாக மாறின.

தலைவாயிலே முழு அதிகாரி என்று கொள்ளுதலும் பிழை. ஆயிரக்கணக்கான, சிலபோது இலட்சக்கணக்கான எழுத்துகளுக்கு அப்பால் என்ஹான்சர் எனப்படும் துணைப்பகுதிகள் உள. இழை மடிந்து வளைந்து அவற்றைத் தலைவாயிலின் அண்மையிற் கொணர்கின்றது. அணுவுக்கு அணு வேறுபடும் ஆணைகளுட் பெரும்பகுதி அத்துணைப்பகுதிகளிலேதான் எழுதப்பட்டிருக்கின்றது; ஆயினும் அவ்வாணைகள் யாவும் முடிவிற் செயற்படும் இடம் தலைவாயிலே.

ஒரு மரபணுவுக்கு ஒரே வாயில்தான் என்பதும் விதியன்று. குளுக்கோகைனேஸ் என்னும் நொதியின் மரபணுவுக்கு இரண்டு தலைவாயில்கள் உள்ளன. ஒன்று கணையத்தில் இன்சுலினைச் சுரக்கும் அணுக்களில் திறப்பது. மற்றொன்று ஈரலில் திறப்பது. கணையத்தில் அந்நொதி குருதியிலுள்ள சர்க்கரையின் அளவை அறியும் கருவியாகப் பயன்படுகின்றது. ஈரலிலோ உணவுண்டபின் வந்து குவியும் சர்க்கரையைச் சேமிப்பிற்கு அனுப்புகின்றது. அவ்வீரல் வாயிலைத் திறக்க இன்சுலினின் ஏவல் வேண்டும்.

இத்துணையும் பாடம். இவ்வாயில்களில் ஓரெழுத்துப் பிறழ்ந்தால் மனிதர்க்கு நேர்வது என்ன என்பதை இனிக் காண்போம். அதற்கு யாம் தேர்ந்துகொண்ட கதை ஒரு நோயாளியின் படுக்கையருகே தொடங்குகின்றது.

1950-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில், குருதி உறையாமை நோயினால் பலமுறை பிறர் குருதியை ஏற்றப்பெற்ற டஃபி என்னும் நோயாளியிடத்தில், அதுவரை அறியப்படாத ஓர் எதிர்ப்பொருளை மேரி கட்புஷ், மாலிசன் முதலியோர் கண்டனர். அவ்வெதிர்ப்பொருள் செங்குருதியணுவின் மேற்புறத்திலுள்ள ஒரு புரதத்தைப் பற்றுவது. நோயாளியின் பெயராலேயே அப்புரதம் டஃபி எனப்பட்டது. ஐந்தாண்டுக்குள் மற்றொரு செய்தி வெளியாயிற்று: ஆப்பிரிக்க வழியினருட் பெரும்பாலார்க்குச் செங்குருதியணுக்களில் டஃபி அறவே இல்லை. மேற்கு ஆப்பிரிக்காவிலோ ஏறக்குறைய எல்லார்க்கும் இல்லை.

மலேரியா ஆராய்ச்சியாளர் நெடுங்காலமாக விடைகாணாதிருந்த புதிரொன்று உண்டு. விவாக்ஸ் என்னும் வகை மலேரியா நம் நாட்டிலும் பிற வெப்பநாடுகளிலும் மலிந்திருக்க, கொசுவுக்கும் வெப்பத்திற்கும் குறைவில்லாத மேற்கு ஆப்பிரிக்காவில் அஃது அரிதாயிருப்பது ஏன் என்பதே அது. 1975, 1976-ஆம் ஆண்டுகளில் லூயி மில்லர் என்னும் அமெரிக்க ஆராய்ச்சியாளரும் அவர்தம் துணைவரும் இரண்டு செய்திகளையும் ஒன்றாக முடிந்தனர். விவாக்ஸ் நுண்ணுயிர் செங்குருதியணுவினுட் புகுவதற்கு டஃபியைப் பிடித்தே நுழைகின்றது. டஃபி இல்லாதவிடத்து அதற்குப் பிடி இல்லை.

ஆனால் டஃபி ஏன் இல்லை? மரபணு சிதைந்துவிட்டது என்பதே எவர்க்கும் முதலில் தோன்றும் விடை. 1995-இல் பாரிஸ் ஆய்வாளர் அம்மரபணுவின் வாசகத்தை எழுத்தெழுத்தாகப் படித்தபொழுது, புரதத்தின் அளவை மாற்றும் பிழை யாதும் அதில் இல்லை. பிழை தலைவாயிலில் இருந்தது. அதுவும் ஒரே ஓர் எழுத்து. டி இருக்கவேண்டிய இடத்தில் ஸி இருந்தது. எதிரிழையில் வைத்துப் படித்தால், 'ஜி ஏ டி ஏ' என்று இருக்கவேண்டியது 'ஜி ஜி டி ஏ' என்று ஆகியிருந்தது. இந்நான்கெழுத்தின் பெயராலேயே காட்டா-1 என வழங்கப்படும் காரணி ஒன்று உண்டு. எலும்பு மஜ்ஜையில் செங்குருதியணுக்களை ஆக்கும் தாயணுக்களுக்கு அது தலைமைச் சாவி போன்றது. ஓரெழுத்து மாறியமையால் காட்டா-1 அங்கே பொருந்தவில்லை, வாயில் திறக்கவில்லை, டஃபி ஆகவில்லை.

ஈண்டு வாசகர் சற்று நின்று நோக்க வேண்டுகின்றோம். டஃபி செங்குருதியணுவுக்கு மட்டும் உரியதன்று. நுண்ணிய குருதிக்குழாய்களின் உட்சுவரணுக்களிலும் சிறுமூளையின் சில நரம்பணுக்களிலும் அது காணப்படுகின்றது. அவ்வணுக்கள் அதே மரபணுவை வேறு சாவிகளால் திறக்கின்றன. காட்டா-1 அவற்றுக்கு வேண்டுவதில்லை. ஆதலின் செங்குருதியணுவில் டஃபி இல்லாத அதே மனிதரின் குருதிக்குழாய்ச் சுவரில் டஃபி குறைவின்றி இருக்கின்றது. வாசகத்தில் நேரும் பிழை அம்மரபணு பயன்படும் இடமெல்லாம் தொடர்ந்து செல்லும். வாயிலில் ஒரு சாவித்துளை அடைபட்டாலோ, அச்சாவியை நம்பிய அணுவுக்கு மட்டுமே கதவு மூடும். மரபணுவைப் படிப்போர் பலர் வாசகத்தோடு நின்றுவிடுகின்றனர். வாயிலைப் படியாதவர் பாதிதான் படித்தவர் என்பது எம் கருத்து.

இம்மாற்றத்தால் தீங்கு யாதும் இல்லையோ எனின், சிறிது உண்டு. டஃபி இல்லாதோர்க்கு நியூட்ரபில் என்னும் வெள்ளணுக்களின் எண்ணிக்கை இயல்பாகவே குறைந்திருக்கும். அதற்கும் இவ்வோரெழுத்துக்கும் உள்ள தொடர்பு 2009-இல் தெளிவாயிற்று. அவர்கள் நோயுடையோர் அல்லர். எனினும் பிறர் எண்ணிக்கையை அளவுகோலாக வைத்து அவர்களை நோயாளர் என மயங்குதலும், அவர்க்கு வேண்டிய மருந்தைக் குறைத்தலும் மருத்துவர்க்கு நேரக்கூடும். பப்புவா நியூகினியில் சிலரிடத்து இதே எழுத்துமாற்றம் ஆப்பிரிக்காவோடு தொடர்பின்றித் தனியே தோன்றியிருப்பது 1999-இல் அறியப்பட்டது. நுண்ணுயிரும் வாளாவிருக்கவில்லை. டஃபி இல்லாதோரையும் விவாக்ஸ் பற்றுதலை 2010-இல் மடகாஸ்கர் தீவில் ஆய்ந்தோர் உறுதிப்படுத்தினர். மூடிய வாயிலை விட்டு வேறு வழி தேடிக்கொண்டது போலும்.

வாயிற் பிழை இடத்தைப் பொறுத்து மட்டுமன்றிக் காலத்தைப் பொறுத்தும் வேறுபடும் என்பதற்கு மற்றொரு சான்று தருவோம். குருதி உறைவதற்கு வேண்டிய ஒன்பதாம் காரணி என்னும் புரதம் ஈரலில் ஆவது. (மேலே நாம் வழங்கிய காரணி என்னும் சொல்லோடு இதனை மயக்கற்க, இஃது உறைவுக் காரணி.) அஃது இல்லாத நோய்க்குக் கிறிஸ்மஸ் நோய் என்றும் ஒரு பெயருண்டு. திருநாளுக்கும் அதற்கும் தொடர்பில்லை. 1952-இல் அந்நோயை வேறுபிரித்துக் காட்டியபொழுது ஆராயப்பட்ட சிறுவனின் குடிப்பெயர் கிறிஸ்மஸ். இந்நோயில் ஒரு விந்தையான வகையை ஒல்லாந்து நாட்டு லைடன் நகரத்தார் 1970-இல் எழுதினர். அவ்வகையிற் பிறந்த ஆண்மக்களுக்கு இளமையில் அப்புரதம் நூற்றில் ஒரு பங்குகூட இராது. சிறு காயமும் அச்சந்தரும். பருவமடைந்தபின் அஃது ஆண்டுதோறும் தானே ஏறிச் செல்லும். ஈற்றில் நோயே மறைந்தாற்போல் ஆகிவிடும்.

காரணம் தலைவாயிலிற் கண்டறியப்பட்டது. ஈரலணுவின் காரணிகள் பொருந்தும் இடத்தில் ஓரெழுத்துப் பிறழ்ந்திருந்தது. அதனாற் சிறுவயதில் வாயில் திறக்கவில்லை. அதே வாயிலில் ஆண்மைச் சுரப்புநீரின் ஏவலை ஏற்கும் துளையும் ஒன்று உண்டு. பருவத்தில் அந்நீர் பெருகவே, அவ்வழியாக வாயில் திறந்துகொண்டது. இங்ஙனம் கூறுவது சரியே என்பதற்கு ஒரு துயரமான சான்றும் உளது. பிராண்டன்பர்க் எனப்படும் மற்றொரு வகையில் பிறழ்ந்த எழுத்து, ஈரற் காரணிக்கும் சுரப்புநீருக்கும் பொதுவான இடத்தில் அமைந்திருக்கின்றது. அவ்வெழுத்துடன் பிறந்தோர் பருவமடைந்தும் குணமடைவதில்லை. வாசகமோ இருவகையிலும் பிழையற்றது.

இயற்கை செய்ததை மருத்துவர் வேண்டுமென்றே செய்தல் இயலுமா? இயன்றிருக்கின்றது, அதுவும் காட்டாவின் வழியாகவே. தாய் வயிற்றிலுள்ள சிசுவின் குருதியில் ஒருவகை ஹீமோகுளோபின் வழங்குகின்றது. பிறந்து சில திங்களில் அதன் மரபணுவின் வாயில் மூடி, முதிர்ந்தோர்க்குரிய ஹீமோகுளோபின் மரபணுவின் வாயில் திறக்கின்றது. அரிவாளணுச் சோகையும் தாலசீமியாவின் கொடிய வகையும் முதிர்ந்தோர்க்குரிய மரபணுவின் கோளாறுகள். ஆதலால் அவை பிறந்தவுடன் தோன்றாது சில திங்கள் கழித்தே தலைகாட்டுகின்றன. சிசுவின் வாயிலை மறுபடி திறந்துவிட்டால் இந்நோயாளர் பிழைப்பர். அவ்வாயிலைப் பூட்டிவைக்கும் புரதம் பி.ஸி.எல்.11-ஏ என்பது 2008-இல் தெளிவாயிற்று.

அப்புரதத்தை அறவே ஒழித்துவிடலாமே எனின், ஆகாது. மூளையின் வளர்ச்சிக்கும் சில வெள்ளணுக்களுக்கும் அது வேண்டும். வழி 2013-இற் புலப்பட்டது. பி.ஸி.எல்.11-ஏயின் மரபணுவுக்குச் செங்குருதியணுவின் தாயணுக்களில் மட்டும் தொழிற்படும் துணைப்பகுதி ஒன்று உண்டு. அதனுள் காட்டா-1 பொருந்தும் துளை இருக்கின்றது. நோயாளியின் மஜ்ஜைத் தாயணுக்களை வெளியே எடுத்து, அத்துளையை மட்டும் வெட்டிச் சிதைத்து, மீண்டும் உடலிற் செலுத்துகின்றனர். செங்குருதியணுக்களைத் தரும் மரபில் மட்டும் பூட்டுப் புரதம் குறைகின்றது. சிசுவின் ஹீமோகுளோபின் திரும்பி வருகின்றது. பன்னெடுங்காலத்துக்கு முன் ஆப்பிரிக்காவில் தானே நேர்ந்த காட்டாச் சிதைவையும், இன்று ஆய்வுக்கூடத்திற் செய்யப்படும் காட்டாச் சிதைவையும் அருகருகே வைத்து நோக்கினால் வியப்பே மிகும். காஸ்கெவி என்னும் பெயரால் இம்மருத்துவத்தை 2023 நவம்பரில் இங்கிலாந்து ஏற்றது; அடுத்த திங்களில் அமெரிக்காவும் ஏற்றது.

டஃபியை முதலிற் கண்ட மேரி கட்புஷ் அம்மையார்க்கு நம் நாட்டோடும் ஒரு தொடர்புண்டு. லேமன் என்பாரும் அவருமாக 1952-இல் வெளியிட்ட கட்டுரையே, இந்தியாவில் அரிவாளணு இருப்பதை முதலில் அறிவித்தவற்றுள் ஒன்று; அவர்கள் குருதியை ஆராய்ந்தது நீலகிரியின் மலைவாழ் மக்களிடத்தில். அம்மலைகளில் அந்நோயுடன் பிறக்கும் குழந்தைகள் இன்றும் உள. காஸ்கெவிக்கு அமெரிக்காவிற் குறித்த விலை ஒருவர்க்கு 22 இலட்சம் டாலர். அன்றியும் பழைய மஜ்ஜையைக் கடிய மருந்தால் அழித்த பின்னரே திருத்திய அணுக்களைச் செலுத்த இயலும்; அதற்குப் பல வாரங்கள் பெருமருத்துவமனையிலே தங்கல் வேண்டும். மஜ்ஜையை வெளியே எடாது, உடலினுள்ளேயே அத்துளையைச் சிதைக்கும் முறை கிட்டுமாவென்று பல ஆய்வுக்கூடங்கள் முயன்று வருகின்றன.